பேனாவை மூடிய பிறகு சொன்னது

எங்கள் கல்லூரியில் செமஸ்டர் முடிந்ததும் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எக்செல் தாள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். எந்தக் கேள்வி எந்தக் கற்றல் விளைவைச் சேர்ந்தது, எத்தனை பேர் இலக்கைத் தொட்டார்கள் என்று போட்டால் போதும், தாளே கூட்டிக் கழித்து 1, 2, 3 என்று நிலை காட்டிவிடும். பி.ஏ. சமூகவியல் மூன்றாம் ஆண்டுக்கு நான் எடுப்பது சமூக ஆய்வு முறைகள். அதில் ஐந்தாவது, கடைசி விளைவு, ‘ஆய்வு அறத்தைப் புரிந்து பின்பற்றுவர்’ என்பது. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கட்டத்தில் 3 வந்தது. அதற்கு மேல் நிலை கிடையாது.

அதே வாரம், அதே பிள்ளைகள் எடுத்து வந்த கணக்கெடுப்புப் படிவங்கள் என் மேசையில் கட்டாகக் கிடந்தன. கடலூர் முதுநகர் பக்கம் கடலோரமாக உள்ள ஒரு மீனவக் குடியிருப்பு. ஊர்ப் பெயர் வேண்டாம். இரண்டு இரண்டு பேராக அனுப்பியிருந்தோம், ஒரு ஜோடிக்கு ஐந்து வீடு. படிவங்களைப் புரட்டிக்கொண்டே வரும்போது ஓர் ஐந்து படிவத்தில் கை நின்றது. மற்றதெல்லாம் கடற்காற்றில் பறந்து, வியர்வை பட்டு, ஓரம் மடங்கி, மடியில் வைத்து எழுதியதில் பேனா முனை குத்தி ஓட்டை விழுந்து வந்திருந்தன. இந்த ஐந்தும் ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தன. ஏழாவது கேள்வி, ‘2004க்கு முன் உங்கள் வீடு எங்கே இருந்தது?’ ஐந்திலும் ஒரே பதில்: ‘இதே இடம்’. அந்தக் குடியிருப்பே சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்தது. 2004 டிசம்பர் 26க்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு வீடு கிடையாது.

பையன்கள் இருவரையும் கூப்பிட்டேன். ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். இன்னொருவன் மறைக்கவில்லை.

“யாரும் கதவத் தொறக்கல மேடம். தொறந்தவங்களும், இன்னும் எத்தினி பேருக்குத்தான் சொல்றதுன்னு திட்டி அனுப்பிட்டாங்க. பஸ்சுக்கு நேரமாயிடுச்சு. டீக்கடையில உக்காந்து எழுதிட்டோம்.”

“தப்புன்னு தோணலையாப்பா?”

“யாருக்கும் நட்டம் இல்லையே மேடம்.”

அன்று இரவு முழுக்க அந்த ஒரு வரிதான் காதில் இருந்தது. அவன் விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். ஆய்வு அறம் பற்றிய பத்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்பது போட்டிருக்கிறேன். தகவலறிந்த ஒப்புதல் (எதற்கென்று தெரிந்து சம்மதிப்பது), ரகசியம் காத்தல், தீங்கிழைக்காமை, நேர்மை என்று நம்பர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, அடிக்கோடு சகிதம் எழுதியிருந்தான். ஆனால் அந்தத் தாளில் எங்கேயும் அவன் இல்லை. அவன் சொந்தமாக யோசித்துச் சொன்ன முதல் அற வாதம், ‘யாருக்கும் நட்டம் இல்லையே’ என்பது. தவறான வாதம்தான். ஆனால் வாதம். ஒரு செயல் சரியா தப்பா என்பதை அதனால் யாருக்குக் கேடு என்று பார்த்து முடிவு செய்யலாம் என்ற அளவுகோலை அவனாக எடுத்திருக்கிறான். அளந்து பார்த்ததில்தான் கோட்டை விட்டான். அதைச் சொல்வதற்கு ஓர் இடம்கூட நான் வைத்த கேள்வித்தாளில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் கேட்காமலே எழுதிய வீடுகளில் முதல் வீட்டு அக்கா, கருவாடு காயப்போட்ட வலையை ஒதுக்கிவிட்டு, “போன வாரம் வந்து நின்னுட்டுப் போன புள்ளைங்கதானே?” என்றார். பிறகு பொறுமையாகப் பதில் சொன்னார். குடிநீர் பற்றிய கேள்வி வந்ததும் கையை உதறினார். “ஆறு மணிக்கு விடுறான், ஆறே முக்காலுக்கு நின்னுடுது. ரெண்டு கொடம் புடிக்கிறதுக்குள்ள சண்டை.” அந்தப் பையன் முந்தின வாரம் டீக்கடையில் உட்கார்ந்து அதே வீட்டுக்கு எழுதியது, ‘குடிநீர்: போதுமானது’. பையில் இருந்த பழைய படிவத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். நான் எதுவும் சொல்லவில்லை. அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவை அவனே தட்டினான்.

எங்கள் கேள்வித்தாள்களில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே-1 முதல் கே-6 வரை ஒரு குறி இருக்கும். நினைவில் வைத்தல் கே-1, புரிதல் கே-2 என்று ஏறி, மதிப்பிடுதல் கே-5, படைத்தல் கே-6 வரை போகும். ‘ஆய்வு அறத்தின் கொள்கைகளை விவரி’ என்ற என் கேள்விக்கு நான் போட்டிருந்தது கே-2. உண்மையில் அது கே-1தான். பிள்ளைகளுக்கு வரலாறெல்லாம் மனப்பாடம். அமெரிக்காவின் அலபாமாவில், டஸ்கிகியில், 1932 முதல் 1972 வரை நாற்பது வருடம், சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களை, பென்சிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்காமல் வெறுமனே பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அநியாயம் வெளியே வந்ததன் தொடர்ச்சியாக, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான பெல்மான்ட் அறிக்கை 1979இல் வந்தது. மனிதருக்கு மதிப்பு, நன்மை செய்தல், நீதி என்று மூன்று கொள்கைகள். இதை எழுதச் சொன்னால் ஒரு பக்கம் எழுதுவார்கள். அலபாமாவில் நடந்ததற்கும், தன் கையில் இருக்கும் படிவத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று தெரியுமா என்பதை அந்த ஒரு பக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் அடுத்த ஆண்டு கேள்வியை மாற்றினேன். கதை மாதிரி ஒன்று எழுதினேன். நீங்கள் ஒரு மீனவக் குடியிருப்பில் கணக்கெடுக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு அரசு குடும்பத்துக்கு நிவாரணம் தருகிறது. கேள்விகள் எல்லாம் முடிந்து நீங்கள் கிளம்பும்போது அந்த வீட்டு ஆயா சொல்கிறார்: மகன் தனிக்குடித்தனம் போய் மூன்று வருடமாகத் திருப்பூரில் இருக்கிறான், ஆனால் அவன் பெயரிலும் நிவாரணம் வாங்கிக்கொண்டிருக்கிறோம். சொல்லிவிட்டு, “இத எழுதிடாத கண்ணு” என்கிறார். உங்கள் அறிக்கை அதிகாரிகளுக்குப் போகும். என்ன செய்வீர்கள், ஏன்? பத்து மதிப்பெண்.

இந்தக் கேள்வியை வைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. தவறு செய்தது திருத்தும்போதுதான்.

நாற்பத்தாறு தாள். மழை நாள், மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. முதல் வரியைப் பார்ப்பேன். ‘உண்மையைப் பதிவு செய்வேன்’ என்று இருந்தால் மனம் நிம்மதியாக ஆறு, ஏழு என்று போடும். ‘எழுத மாட்டேன்’ என்று இருந்தால் தரவை மறைக்கிறாளே என்று மூன்று, நான்கு. ஒரு மாணவிக்கு மூன்று போட்டேன்.

தாள் கொடுத்த மறுநாள் அவள் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். மார்க் கேட்டு வருகிற பிள்ளைகள் நிற்கிற மாதிரி நிற்கவில்லை. தாளை நீட்டி, “மேடம், நான் எழுதுனதுல எந்த எடம் தப்புன்னு மட்டும் சொல்லுங்க” என்றாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் தாளை வாங்கி, அவள் எதிரிலேயே முதல் முறையாக முழுசாகப் படித்தேன்.

அவள் எழுதியிருந்தது இது. அவள் சம்மதத்தோடுதான் இங்கே போடுகிறேன்.

‘நான் எழுத மாட்டேன். ஏனென்றால் ஆயா சொன்னது எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. நான் பேனாவை மூடிய பிறகு சொன்னது. கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஆயா சம்மதித்தார்கள், பேசியதை எல்லாம் எழுதிக்கொள்ள இல்லை. ஆனால் எழுதாவிட்டால் இந்த வீட்டில் எத்தனை பேர் என்பது பொய்யாகிவிடும். அதனால் ‘இப்போது வீட்டில் வசிப்பவர்கள்’ என்ற இடத்தில் சரியான எண்ணைப் போடலாமா என்று ஆயாவிடம் கேட்டுப் போடுவேன். நிவாரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டு, கேட்டுக்கொண்டதால் விட்டேன் என்று எழுதுவேன். ஆனால் படிவத்தின் மேலே வீட்டு எண் இருக்கிறது. காலியாக விட்டாலே யார் வீடு என்று தெரிந்துவிடும். வீட்டு எண்ணை எடுத்துவிட்டுத்தான் அறிக்கை கொடுக்க வேண்டும். எடுக்க முடியாது என்றால் நிவாரணம் பற்றி நாம் கேட்டிருக்கவே கூடாது. இன்னொரு வீட்டுக்குக் கிடைக்க வேண்டிய பணம் இந்த வீட்டுக்குப் போகிறது என்பதும் உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.’

அதற்குக் கீழே ஒரு வரி எழுதி, இரண்டு கோடு போட்டு அடித்திருந்தாள். அடித்தது தெளிவாகவே தெரிந்தது. நான் படித்துவிட்டேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

‘கிளம்பும்போது’ என்ற சொல்லைக் கேள்வியில் நான் யோசிக்காமல்தான் போட்டிருந்தேன். கதைக்கு ஒரு நடை வேண்டுமே என்று. அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, சம்மதம் என்பது எதுவரைக்கும் என்று கேட்டுவிட்டாள். வீட்டு எண்ணைப் பார்த்தாள். நாம் கேட்டிருக்கவே கூடாது என்று ஆய்வையே கேள்வி கேட்டாள். தன் முடிவால் நஷ்டப்படுகிற, கதையில் வராத இன்னொரு வீட்டையும் மறக்கவில்லை. பதில் இல்லாத இடத்தில் பதில் இல்லை என்று எழுதினாள். பதினான்கு வருடத்தில் நான் திருத்திய தாள்களில் அதற்கு ஈடாக இன்னொன்று எனக்கு நினைவில்லை. அதற்குத்தான் மூன்று.

சிவப்பு மையில் அடித்து ஒன்பது போட்டேன். பதிவேட்டிலும் திருத்தினேன். ஆனால் இன்டர்னல் மதிப்பெண் ஏற்றும் தளம் முந்தின நாள் மாலையோடு மூடியிருந்தது. கடிதம் எழுதினேன். நேரில் போனேன். ஒரு மாணவிக்காகத் திறந்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றார்கள். திரும்பவும் எழுதினேன். திறக்கவில்லை. 25க்கு அவளுக்கு வந்திருக்க வேண்டியது வரவில்லை. செமஸ்டர் தேர்வின் 75உடன் சேர்ந்து மொத்தத்தில் அது கரைந்துபோயிருக்கும் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். கரையவில்லை. அவள் மதிப்பெண் பட்டியலில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அதைப் போட்டது என் கை.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. அற வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க்கை நான் வருடா வருடம் வகுப்பில் நடத்துகிறேன். 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் தன் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சிறுவர்களிடம் கதைகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டார். அதில் பேர் பெற்றது ஹைன்ஸ் கதை. மனைவி புற்றுநோயில் சாகக் கிடக்கிறாள். மருந்து கண்டுபிடித்தவர், 200 டாலரில் தயாரிப்பதற்கு 2000 டாலர் கேட்கிறார். ஹைன்ஸ் அலைந்து திரிந்து 1000 டாலர்தான் புரட்டினான். கடையை உடைத்து மருந்தைத் திருடினான். செய்தது சரியா? கோல்பர்க்குக்குச் சரி என்றாலும் ஒன்றுதான், தப்பு என்றாலும் ஒன்றுதான். அவர் பார்த்தது காரணத்தை. மாட்டிக்கொண்டால் அடி விழும் என்கிறானா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிறானா, சட்டம் ஒழுங்கு என்கிறானா, சட்டத்துக்கும் மேலே உயிருக்கு ஒரு மதிப்பு உண்டு என்கிறானா. அந்தக் காரணங்களை வைத்துத்தான் ஆறு படிநிலை. கரும்பலகையில் இதை எழுதி, ‘முடிவு முக்கியமில்ல, காரணம்தான் முக்கியம்’ என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். சிவப்புப் பேனாவை எடுத்ததும் முதல் வரியில் முடிவைப் பார்த்து மார்க் போட்டேன்.

கோல்பர்க்கை மறுத்த கரோல் கில்லிகனையும் நடத்துகிறேன். முதலில் ஆய்வு செய்ததெல்லாம் ஆண் பிள்ளைகளை வைத்து, அதில் வந்த ஏணியில் பெண்களை ஏற்றிப் பார்த்தால் கீழ்ப்படியில் நிற்கிற மாதிரிதான் தெரியும், நியாயத்தின் குரல் மட்டுமல்ல, அக்கறையின் குரலும் ஒன்று உண்டு என்று 1982இல் அவர் எழுதினார். என் மாணவி ஆயாவிடம் திரும்பிப் போய்க் ‘கேட்டுப் போடுவேன்’ என்று எழுதினாளே, அது அந்தக் குரல். விதியைத் தேடுவதற்கு முன்னால் ஆளைத் தேடுகிற குரல். பாடமாக எனக்கு அது அத்துப்படி. என் வகுப்புப் பெண் எழுதும்போது காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு நான் திருத்தும் முறையை மாற்றிக்கொண்டேன். அமெரிக்கக் கல்லூரிகளின் கூட்டமைப்பு ஒன்று அறச் சிந்தனையை மதிப்பிட ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. ஐந்து வரிசை, நான்கு நிலை. தன் நம்பிக்கைகளைத் தானே அறிந்திருத்தல், அறக் கோட்பாடுகள் தெரிந்திருத்தல், பிரச்சினையில் அற விஷயம் எது என்று கண்டுகொள்ளுதல், கோட்பாட்டைப் பொருத்திப் பார்த்தல், எதிர்வாதங்களை எடைபோடுதல். அதை அப்படியே எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் பிள்ளைகளில் பாதிப் பேர் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. கோட்பாட்டின் பெயரை எழுதுகிறவளுக்கு ஒரு வரிசை முழுக்க மார்க் என்றால், பெயர் தெரியாமல் அந்தக் கோட்பாட்டையே யோசித்து எழுதுகிறவள் தோற்றுவிடுவாள். அதனால் நான்கு கேள்வியாகச் சுருக்கினேன். இந்த முடிவு யார் யாரைத் தொடுகிறது, அதில் கதையில் பேசாதவர் யாராவது உண்டா? எதோடு எது மோதுகிறது? உனக்கு எதிராகப் பேசுகிறவரின் வலுவான வாதம் எது? உன் முடிவால் வரும் இழப்பை ஒப்புக்கொள்கிறாயா? ஒவ்வொன்றுக்கும் இரண்டரை. ‘எழுதுவேன்’, ‘மாட்டேன்’ என்பதற்கு மார்க் கிடையாது. இதைக் கேள்வித்தாளிலேயே அச்சடித்துவிடுகிறேன், ஒளித்து வைத்து அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

என் கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டிருந்தேன். பொருளாதாரத் துறை சார் ஒருவரிடம் பத்துத் தாளின் நகலைக் கொடுத்து, நான் போட்டதைக் காட்டாமல் போடச் சொன்னேன். ஆறு தாளில் எங்கள் இருவருக்கும் இரண்டு மார்க்குக்கு மேல் வித்தியாசம். கேன்டீனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசினோம். சண்டை என்றே சொல்லலாம். அவர் எட்டு போட்ட ஒரு தாளுக்கு நான் நான்கு. அந்தப் பையன் வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளைச் சொல்லி, நன்மை தரும் என்றால் பொய்யும் வாய்மைதான், ஆகவே எழுத மாட்டேன் என்று முடித்திருந்தான். “குறளை விட வேற என்னம்மா ஆதாரம் வேணும்?” என்றார் சார். நான் அந்தக் குறளில் இருக்கும் ‘புரைதீர்ந்த’ என்ற சொல்லைக் காட்டினேன். குற்றமற்ற நன்மையாக இருந்தால்தான். யாருக்குப் புரை, யாருக்கு நன்மை என்று அவன் பார்க்கவே இல்லையே. சார் கொஞ்ச நேரம் டீ கிளாசைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, “சரிம்மா. ஆனா நீங்க இதுக்கு ஏன் எட்டு போட்டீங்க?” என்று வேறொரு தாளை எடுத்தார். ஆயாவின் வறுமையை அந்தப் பெண் கண்ணீர் வருகிற மாதிரி எழுதியிருந்தாள். திரும்பப் படித்தேன். இரக்கம் இருந்தது, யோசனை இல்லை. சார் போட்ட ஐந்துதான் சரி. இப்போது ஒவ்வொரு செமஸ்டரும் பத்துத் தாளாவது இருவரும் போட்டுப் பார்க்கிறோம். முன்பை விட நெருங்கி வந்திருக்கிறோம். முழுசாக ஒத்துப்போகவில்லை, போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

மொழி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுகிற பிள்ளைகளின் தாளில் அறம் எப்போதும் அழகாக இருக்கும். ‘இன்ஃபார்ம்டு கன்சென்ட்’, அதாவது தகவலறிந்த ஒப்புதல், வாங்குவேன் என்று ஒரு வரி. அதே பிள்ளையைக் கூப்பிட்டு, “ஆயாகிட்ட என்னன்னு சொல்லி வாங்குவ?” என்று கேட்டால் வாய் வராது. அதனால் இப்போது களத்துக்குப் போவதற்கு முன்னால் வாசலில் நின்று பேசப்போகிற ஐந்து வாக்கியத்தை அவரவர் ஊர்ப் பேச்சிலேயே எழுதச் சொல்கிறேன். எழுதினால் போதாது, என் எதிரில் நின்று சொல்ல வேண்டும். (கைப்பேசியில் கேட்டு எழுதிக்கொண்டு வருகிற பழக்கத்துக்கும் இதுதான் மருந்து.) நானே ஆயாவாக உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்பேன். “லோன் வருமா?” “ரேஷன் கார்டு காட்டணுமா?” “நாளைக்கு வா.”

போன வருடம் பண்ருட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், எந்த வகுப்பிலும் வாய் திறக்காதவன், சொன்னது: “ஆயா, நாங்க காலேஜ்ல இருந்து வர்றோம். இதுனால உங்களுக்கு எந்த உதவியும் வராது. வரும்னு நெனச்சி சொல்லாதீங்க. இஷ்டம் இருந்தா சொல்லுங்க, பாதியில நிறுத்துனாலும் பரவால்ல. இப்ப வேலையா இருந்தா போயிடறோம்.”

இந்த ‘வராது’ என்ற ஒரு சொல் எங்கள் கடற்கரைக்கு எவ்வளவு முக்கியம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. 2004இல் சுனாமி, இந்த மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயல், எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. 2015 நவம்பர் வெள்ளம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் யாராவது பேனாவும் பேப்பருமாக வந்து பெயர் எழுதினார்கள். எழுதப்பட்டவர்களுக்கு ஏதோ வந்தது, விட்டுப்போனவர்களுக்கு வரவில்லை. இந்த மண்ணில் படிவத்தோடு வாசலில் நிற்கிறவர் யாராக இருந்தாலும், அவர் பட்டியல் எழுத வந்தவர். பட்டியலில் பெயர் விட்டுப்போகுமோ என்ற பயத்தில் ஒருவர் பதில் சொன்னால், அவர் கையெழுத்தே போட்டிருந்தாலும் அது சம்மதம் ஆகாது. எந்த ஊர்ப் பாடநூலிலும் இது இருக்காது. அந்தப் பையனுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. தானே புயலில் முந்திரித் தோப்பு போன வீட்டுப் பிள்ளை. பத்துக்குப் பத்து போட்டேன்.

தாளில் தெரியாத பகுதி இன்னும் இருக்கிறது. ஜேம்ஸ் ரெஸ்ட் என்ற உளவியலாளர், அற நடத்தைக்கு நான்கு அங்கம் சொன்னார். பிரச்சினை இருக்கிறது என்று கண்ணில் படுவது, எது சரி என்று தீர்மானிப்பது, மற்ற ஆசைகளை விட அதற்கு முதலிடம் கொடுப்பது, தளராமல் செய்து முடிப்பது. கோல்பர்க்கின் ஏணி அளப்பது இரண்டாவதைத்தான். ரெஸ்டே 1970களில் உருவாக்கிய சோதனையும், கதைக்குக் கீழே வாக்கியங்களைக் கொடுத்து எது முக்கியம் என்று வரிசைப்படுத்தச் சொல்வது, இரண்டாவதைச் சேர்ந்ததுதான். டீக்கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிய பையன் முதல் மூன்றில் எங்கே தவறினான் என்பதைவிட, நான்காவதில் பசியும் பஸ் நேரமும் அவனை எப்படி இழுத்தன என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு மூன்று மணி நேரத் தேர்வு உதவாது.

களத்திலிருந்து வந்த அன்றே ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். இன்று எந்த இடத்தில் தடுமாறினாய், என்ன செய்தாய். இதற்கு மட்டும் மார்க் போடுவதில்லை. எங்கள் துறையில் இதற்கு எதிர்ப்பு உண்டு. மார்க் இல்லாவிட்டால் எழுத மாட்டார்கள் என்கிறார்கள். மார்க் போட்டால் நடக்காத தடுமாற்றத்தைக்கூட நன்றாக எழுதிக் கொண்டுவருவார்கள் என்பது என் பதில். முதல் வருடம் பாதிப் பேர்தான் எழுதினார்கள். எழுதியவர்கள் உண்மையை எழுதினார்கள். “ஒரு அண்ணன் குடிச்சிருந்தாரு, பயந்து அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன், அத ‘ஆள் இல்ல’ன்னு எழுதிட்டேன்” என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பயந்தது தப்பே இல்லை. படிவத்தில் ‘பேட்டி எடுக்க இயலவில்லை’ என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் பொய் எழுத வேண்டி வந்திருக்காது. மறு வருடம் அந்தக் கட்டத்தைச் சேர்த்தோம். பெண் பிள்ளைகளைத் தனி ஜோடியாக அனுப்புவதையும் நிறுத்தினோம்.

அந்த எக்செல் தாள் இப்போதும் இருக்கிறது. போன செமஸ்டர் ஐந்தாம் விளைவுக்கு எனக்கு 2 வந்தது. ஏன் குறைந்தது, என்ன நடவடிக்கை என்று விளக்கம் கேட்டார்கள். கேள்வி மாறியிருக்கிறது, அதே கேள்வியை அடுத்த செமஸ்டரும் வைப்பேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

இதை எழுதத் தொடங்கியபோது அந்த மாணவிக்குப் போன் செய்தேன். இப்போது புதுச்சேரியில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி) படிக்கிறாள். உன் பதிலைப் போடட்டுமா, உன் பெயரோ ஊரோ வராது என்றேன். சிரித்துக்கொண்டே, “போடுங்க மேடம், யாருக்காச்சும் உபயோகப்படும்” என்றாள். எழுதியதை அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னாள். பஸ் பிடிக்கிற ஊரை எழுதியிருந்தேன், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், எடுத்துவிடுங்கள் என்றாள். எடுத்துவிட்டேன். இன்னொன்று, அவள் அப்பாவின் தொழில். அதையும் எடுத்தேன்.

“அப்புறம் மேடம், அந்த அடிச்ச வரி.”

“அது வராதும்மா.”

“நீங்க படிச்சீங்களா அன்னிக்கு?”

“படிச்சேன்.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் ரோட்டில் வண்டி போகிற சத்தம் கேட்டது.

“சரி மேடம்” என்றாள். பிறகு அடுத்த வாரம் தனக்குக் களப்பணி ஆரம்பிக்கிறது, எந்தச் செருப்பு போட்டுக்கொண்டு போனால் மணலில் கால் சுடாது என்று கேட்டாள்.